பிறர் கையில் இருக்கும் பெயர்

தமிழில் 'பெயர்' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. ஒருவரைக் கூப்பிடப் பயன்படுவதும் பெயர்தான். அவரைப் பற்றி ஊர் வைத்திருக்கும் மதிப்பும் பெயர்தான். முதல் பெயரைப் பெற்றோர் ஒரே நாளில் வைத்துவிடுகிறார்கள். இரண்டாவது பெயர் எடுக்கப்படுவது, காக்கப்படுவது, கெடுவது, சில சமயம் மீட்கப்படுவது. பேச்சு வழக்கே இதைச் சரியாகப் பிடித்து வைத்திருக்கிறது: நல்ல பேர் 'எடுக்கிறார்கள்', பேரைக் 'கெடுத்துக்கொள்கிறார்கள்'. ஆனால் இந்த இரண்டாவது பெயரில் ஒரு விந்தை உண்டு. நிலம், நகை, வீடு போல அதைப் பெட்டியில் பூட்டி வைக்க முடியாது. உரியவரிடம் அது இருப்பதே இல்லை. முழுக்க முழுக்க மற்றவர்களின் மனத்தில் இருக்கிறது. தன் கையில் இல்லாத ஒன்றுக்கு ஒருவர் எப்படிப் பொறுப்பேற்க முடியும்? அறநூல்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்த இந்தக் கேள்வி, கையில் செல்போனோடு வளரும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அன்றாடக் கேள்வியாகிவிட்டது.

பழைய அறநூல்கள் எழுந்த உலகில் பெயருக்கு எல்லைகள் இருந்தன. ஒரு சிறுவன் பதினான்கு வயதில் பக்கத்துத் தோப்பில் மாங்காய் திருடிப் பிடிபட்டால் தெருவே பேசும். 'உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது' என்பது பழமொழி. ஆனாலும் அந்தப் பேச்சு அடுத்த ஊரைத் தாண்டாது. பத்து வருடத்தில் மங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கே அவனைப் பற்றி வேறு பல விஷயங்களும் தெரியும்: பாட்டியை ஆஸ்பத்திரிக்குச் சுமந்து போனது தெரியும், திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலில் நின்றது தெரியும். தப்பு அவனுடைய முழு வாழ்க்கைக்குள் ஒரு பகுதியாகவே நினைக்கப்பட்டது. இணையம் இந்த மூன்று காப்புகளையும் ஒன்றாக எடுத்துவிட்டது. தூரம் போயிற்று, மறதி போயிற்று, ஒருவரை முழுதாக அறிந்தவர்கள் மட்டுமே அவரைப் பற்றிப் பேசுவது என்ற நிலையும் போயிற்று. இன்ஸ்டாகிராம் ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறையும். அதற்குள் எடுத்த ஸ்கிரீன்ஷாட் மறையாது. அனுப்பிய செய்தியை எல்லோரிடமிருந்தும் அழிக்கும் வசதியை வாட்ஸ்அப் 2017-ல் கொண்டுவந்தது. படித்தவரின் நினைவிலிருந்தோ, படமெடுத்து வைத்தவரின் கேலரியிலிருந்தோ அது எதையும் அழிப்பதில்லை.

இந்த நிலையில் வீட்டிலும் பள்ளியிலும் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் புத்திமதி பெரும்பாலும் ஒரே வகை: 'பார்த்துப் போடு, நாளைக்கு வேலை கொடுப்பவன் பார்ப்பான், காலேஜில் பார்ப்பார்கள், பெண் கேட்டு வருகிறவர்கள் பார்ப்பார்கள்.' இது பொய்யான எச்சரிக்கை அல்ல. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2017-ல், சேர்க்கை கிடைத்துவிட்ட மாணவர்களில் குறைந்தது பத்துப் பேரின் இடத்தைத் திரும்பப் பெற்றது. தங்களுக்குள் வைத்திருந்த ஒரு தனிப்பட்ட ஃபேஸ்புக் குழுவில் பாலியல் வன்முறையையும் யூத இனப் படுகொலையையும் குழந்தைகளின் சாவையும் கேலி செய்யும் மீம்களை அவர்கள் பகிர்ந்திருந்தார்கள். 'தனிப்பட்ட குழு' என்ற சொல்லில் அவர்கள் வைத்த நம்பிக்கை ஒரு சேர்க்கைக் காலத்துக்குக்கூடத் தாங்கவில்லை.

எச்சரிக்கை உண்மைதான். ஆனால் அது கற்றுக்கொடுக்கும் பாடம் எது? பார்க்கிறவன் கண்ணுக்குப் பயப்படு என்பதே. பயத்தால் கற்ற பிள்ளை செய்யும் முதல் காரியம் ஒளிந்துகொள்வது. அப்பா அம்மா பின்தொடரும் கணக்கு ஒன்று, நண்பர்களுக்கு மட்டும் காட்டும் கணக்கு இன்னொன்று, யாரென்றே தெரியாமல் திட்டுவதற்கு ஒரு ஃபேக் ஐடி. முதல் கணக்கில் பொங்கல் வாழ்த்தும் குடும்பப் படமும் இருக்கும். மூன்றாவதில் இருப்பதை அந்தப் பிள்ளையே வெளிச்சத்தில் படிக்கக் கூசும்.

பிளேட்டோ தன் 'குடியரசு' நூலின் இரண்டாம் பகுதியில் இதே சிக்கலை ஒரு கதையாக வைத்திருக்கிறார். லிடியா நாட்டு ஆட்டிடையன் ஒருவனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. அதன் கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பினால் அவன் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். அந்த வசதி கிடைத்ததும் அவன் அரண்மனைக்குள் புகுந்து, அரசியைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு, அரசனைக் கொன்று ஆட்சியைப் பிடிக்கிறான். கதையைச் சொல்லும் கிளாக்கன் கேட்கும் கேள்வி இதுதான்: நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் ஆளுக்கொரு மோதிரம் கொடுத்தால் இருவரும் வேறு வேறாக நடப்பார்களா? பிடிபடமாட்டோம் என்று தெரிந்தபின் நல்லவனாக இருக்க ஒரு காரணமாவது மிஞ்சுமா? ஃபேக் ஐடி அந்த மோதிரம்தான். அதைத் திருப்பத் தெரியாத பத்தாம் வகுப்புப் பிள்ளை இன்று கிடையாது. ஆகவே, 'பார்ப்பார்கள்' என்பதை மட்டும் அடித்தளமாக வைத்துக் கட்டிய ஒழுக்கம், 'பார்க்கமாட்டார்கள்' என்று தெரிந்த கணத்தில் சரிந்துவிடும். சைபர் கிரைம் போலீசார் ஐ.பி. முகவரியை வைத்துப் பிடித்துவிடுவார்கள் என்று சொல்வதும் அதே பயத்தை இன்னொரு படி உயர்த்துவதே தவிர, கிளாக்கனுக்குப் பதில் அல்ல.

பதிலுக்கு மிக அருகில் வருவது பௌத்தம். பாலி நூல்கள் ஹிரி, ஒத்தப்பம் என்ற இரண்டு குணங்களை உலகைக் காக்கும் இரண்டு ஒளிகள் என்று போற்றுகின்றன. இரண்டுமே தீமையிலிருந்து விலக்கி நிறுத்துபவை. வேறுபாட்டை விளக்க உரையாசிரியர்கள் ஓர் இரும்புக் கம்பியைக் காட்டுகிறார்கள். அதன் ஒரு முனையில் மலம் பூசியிருக்கிறது. மறுமுனை நெருப்பில் பழுத்திருக்கிறது. யாரும் இரண்டு முனையையும் தொடமாட்டார்கள். ஆனால் காரணம் வேறு. பழுத்த முனையைத் தொடாதது சுடும் என்ற அச்சத்தால், அது ஒத்தப்பம். மறுமுனையைத் தொடாதது அருவருப்பால், அது ஹிரி. அங்கே யாரும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இருட்டிலும் அந்த முனையைத் தெரிந்தே பிடிக்க ஒருவருக்குக் கை வராது.

பௌத்தம் அச்சத்தைத் தள்ளிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சிறு பிள்ளைக்குச் சூடான முனை தேவைதான். பிழை எங்கே என்றால், இன்றைய இணைய அறிவுரை அந்த ஒரு முனையை மட்டுமே காட்டிவிட்டு ஓய்ந்துவிடுகிறது.

மறுமுனைக்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது: நாண். திருக்குறளின் 102-ஆம் அதிகாரம் நாணுடைமை. அதன் தொடக்கத்திலேயே வள்ளுவர் ஒரு கோடு போடுகிறார். தகாத செயலைக் குறித்துக் கூசுவதே அங்கு பேசப்படும் நாண். பெண்களுக்கு அழகாகச் சொல்லப்படும் வெட்கம் வேறு. இந்தக் கோட்டைத் தமிழ்ச் சமூகம் பின்னாளில் நன்றாக அழித்துவிட்டது. இன்று 'வெட்கமாக இல்லையா?' என்ற கேள்வி பெண் பிள்ளையின் உடையைப் பார்த்துக் கேட்கப்படுகிறது. இன்னொருத்தியின் படத்தை அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் பரப்பிய ஆண் பிள்ளையிடம் அந்த அளவுக்குக் கேட்கப்படுவதில்லை. அதே அதிகாரத்தில் இன்னொரு எண்ணமும் உண்டு. இணைய ஒழுக்கம் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது அதுதான். தனக்கு வரும் பழிக்குக் கூசுவது போலவே பிறருக்கு வரும் பழிக்கும் கூசுகிறவரிடம்தான் நாண் குடியிருக்கிறது என்கிறார் வள்ளுவர். தன் பெயரைக் காப்பதும் பிறர் பெயரைக் காப்பதும் இங்கே இரண்டு கடமைகளாக இல்லை. ஒரே கூச்சத்தின் இரண்டு பக்கங்களாக இருக்கின்றன.

புகழ் என்ற அதிகாரம் நிற்கும் இடமும் இதற்குத் துணை. அது 24-ஆவது, இல்லறவியலின் கடைசி. அதற்கு முன்னால் இருப்பவை ஒப்புரவறிதலும் ஈகையும். பிறர் மனத்தில் நல்ல பெயர் பிறக்கும் வழி அவர்களுக்குக் கொடுத்ததும் உதவியதும்தான் என்பதை அந்த வரிசையே சொல்லிவிடுகிறது. புரொஃபைல் படத்தை மெருகேற்றுவதும் பின்தொடர்பவர் எண்ணிக்கையைக் கூட்டுவதும் அந்த வரிசையில் எங்கும் பொருந்தவில்லை.

ஒரு பிளஸ் டூ வகுப்பின் வாட்ஸ்அப் குழுவை எடுத்துக்கொண்டால் இந்த நாண் எங்கே தேவைப்படுகிறது என்பது விளங்கும். பிற்பகல் வகுப்பு. கடைசி பெஞ்சில் ஒருவன் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டான். பக்கத்தில் இருப்பவன் செல்போனை மேசைக்கடியில் வைத்துப் படமெடுக்கிறான். இரவு ஏழு மணிக்குள் பின்னணி வெட்டி எடுக்கப்பட்டு, தலைக்கு மேல் ஒரு வசனம் சேர்க்கப்பட்டு, அது ஸ்டிக்கராகிவிடுகிறது. முதல் நாள் எல்லோரும் சிரிக்கிறார்கள்; தூங்கினவனும் சிரிக்கிறான், சிரிக்காவிட்டால் இன்னும் கலாய்ப்பார்கள் என்பதால். மூன்றாவது நாள், தேர்வு தள்ளிப்போன செய்திக்கும் அதே ஸ்டிக்கர். இரண்டாவது மாதம், வேறு பள்ளியில் படிக்கும் யாரோ ஒருவர் அவனைத் தெரியாமலேயே அதை அவனுக்கே அனுப்புகிறார். அவன் வீட்டில் அப்பா விடியற்காலையில் பால் எடுக்கப் போகிறவர், அவரோடு நாலு மணிக்கு எழுந்து போய்விட்டுத்தான் அவன் பள்ளிக்கு வருகிறான் என்பது ஸ்டிக்கரில் இல்லை. கேட்டால், படமெடுத்தவன் நேர்மையாகவே சொல்வான்: 'சும்மா ஜாலிக்குத்தான் போட்டேன். அவன் தூங்கினது நிஜம்தானே?'

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் இந்தப் பொருளின் கடினமான முடிச்சு இருக்கிறது. பொய்ச் செய்தி பரப்பக்கூடாது என்பதைப் பிள்ளைகள் எளிதில் ஒப்புக்கொள்கிறார்கள். நிஜமானதைப் பரப்புவது எப்படித் தப்பாகும் என்பதே அவர்களுக்குப் புரிவதில்லை. இதை யூத மரபு அளவுக்கு நுணுக்கமாக ஆராய்ந்த மரபு குறைவு. அங்கே 'மோட்சி ஷெம் ரா' என்பது ஒருவரைப் பற்றிப் பொய்யைப் பரப்பிக் கெட்ட பெயர் உண்டாக்குவது. 'லஷோன் ஹரா', அதாவது தீய நாவு, அதிலிருந்து வேறு: ஒருவருக்கு இழுக்கைத் தரும் உண்மையைத் தேவையில்லாமல் சொல்வது. அதுவும் விலக்கப்பட்டதே. உண்மை என்பது அங்கே சாக்கு ஆகாது. யிஸ்ராயேல் மேயர் ககான் என்ற ரபி 1873-ல் இந்த விதிகளையெல்லாம் தொகுத்து 'கஃபெட்ஸ் கயிம்' என்ற நூலை வெளியிட்டார். நூலின் பெயரே பின்பு அவருக்குப் பெயராயிற்று. அதே மரபு ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. ஒருவருக்கு வரப்போகும் தீங்கைத் தடுப்பதற்காக உண்மையைச் சொல்லலாம். சொல்ல வேண்டியும் இருக்கும். ஆனால் சொல்பவருக்கு அது உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும், மிகைப்படுத்தக் கூடாது, நோக்கம் பழிவாங்கலாக இருக்கக் கூடாது. பள்ளியில் தொல்லை கொடுக்கும் ஒருவரைப் பற்றிப் புகார் சொல்லும் பிள்ளையையும், நண்பனின் காதல் தோல்வியைக் குழுவில் போடும் பிள்ளையையும் இந்த விதி சுத்தமாகப் பிரித்துவிடுகிறது.

வள்ளுவர் வாய்மையை வரையறுக்கும் விதம் இதோடு ஒத்துப்போகிறது. நடந்ததை நடந்தபடி சொல்வது என்று அவர் தொடங்கவில்லை. யாருக்கும் தீங்கில்லாத சொல் என்றே தொடங்குகிறார். புறங்கூறாமைக்கும் பயனில சொல்லாமைக்கும் அடுத்தடுத்து ஓர் அதிகாரம் ஒதுக்கியிருப்பதும் தற்செயல் ஆகாது. குர்ஆனின் 49-ஆம் அத்தியாயமான அல் ஹுஜுராத் ஒரே வசனத்தில் மூன்றைத் தடுக்கிறது: வீண் சந்தேகம், பிறர் அந்தரங்கத்தைத் துருவுதல், புறம் பேசுதல். புறம் பேசுவதை இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு ஒப்பிடுகிறது. இறந்தவன் தனக்காகப் பேச முடியாது. குழுவில் இல்லாதவனும் தனக்காகப் பேச முடியாது. அந்த ஒப்புமையின் கூர்மை அதில் இருக்கிறது. அதே அத்தியாயம், நம்பத்தகாதவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்காமல் ஏற்று, அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட வேண்டாம் என்றும் எச்சரிக்கிறது.

விசாரிக்காத ஃபார்வர்டு என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு 2018 மே மாதம் பார்த்தது. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலைத் தேடித் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் காரில் போனது. வழி கேட்க நிறுத்திய இடத்தில், உடன் வந்த 65 வயது மூதாட்டி அங்கிருந்த பிள்ளைகளுக்கு இனிப்பு கொடுத்தார். வடநாட்டிலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் வந்திருப்பதாக அந்தப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் அந்த நாட்களில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் அடித்ததில் அந்த மூதாட்டி இறந்துபோனார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அந்தச் செய்தியை அனுப்பிய ஒவ்வொருவரும் ஊருக்கு நல்லது செய்வதாகவே நினைத்திருப்பார்கள். நாடெங்கும் இப்படிப்பட்ட கொலைகள் நடந்த பிறகு, வாட்ஸ்அப் 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. பலமுறை கைமாறிய செய்திக்கு 2020-ல் அது ஒன்றாகக் குறைந்தது. எந்திரம் வேகத்தைக் குறைக்கும். விசாரிக்கும் வேலையை எந்திரத்திடம் விட முடியாது.

பெயரைப் பற்றிய பேச்சு பெண் பிள்ளைகளிடம் வரும்போது மிகவும் கவனம் வேண்டியிருக்கிறது. ஏனெனில் தமிழ்ச் சமூகத்தில் பெண்ணின் பெயர் என்பது அவள் செய்ததைப் பொறுத்ததாக மட்டும் இல்லாமல், அவளுக்குச் செய்யப்பட்டதைப் பொறுத்ததாகவும் ஆக்கப்பட்டிருக்கிறது. 2019-ல் வெளிவந்த பொள்ளாச்சி பாலியல் வழக்கு இதன் கொடிய சான்று. பெண்களிடம் பழகி ஏமாற்றி, வன்கொடுமை செய்து, அதைப் படம்பிடித்து, வெளியிடுவதாக மிரட்டிய அந்தக் கும்பலின் கையில் இருந்த ஆயுதம் செல்போன் மட்டும் அல்ல. 'பேர் கெட்டுவிடும்' என்ற அச்சமும் அவர்களுடைய ஆயுதம்; அதை அவர்களுக்குக் கொடுத்தது சமூகம். ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் கொடுத்த பிறகே விஷயம் வெளியே வந்தது. அவருடைய அடையாளம் அரசாணை ஒன்றிலேயே வெளியாகி, அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிகள் 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது.

ஆகவே 'படம் எதுவும் போடாதே, பேர் கெடும்' என்று மட்டும் சொல்லி வளர்ப்பது பாதி அறிவுரை. மறுபாதியைச் சொல்லாவிட்டால், நாளை மிரட்டல் வரும்போது அந்தப் பெண் வீட்டில் வாய் திறக்கமாட்டாள். மறுபாதி இதுதான்: ஏமாற்றப்பட்டவருக்குப் பழி இல்லை, என்ன நடந்திருந்தாலும் வீட்டுக்கு வந்து சொல்லலாம், சொன்னால் அடியோ படிப்பு நிறுத்தமோ இருக்காது. இதைக் குழப்பம் வந்த பிறகு சொல்லிப் பயனில்லை. சாதாரண நாளில், சாப்பாட்டு நேரத்தில் சொல்லி வைத்திருக்க வேண்டும். செய்யக்கூடிய காரியங்களும் இருக்கின்றன. தேசிய சைபர் கிரைம் புகார் இணையதளமும் 1930 என்ற எண்ணும், சிறார்களுக்கு 1098-ம் உண்டு. அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க, 2021 டிசம்பரில் தொடங்கிய ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்ற இணையச் சேவை பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கும், டேக் இட் டவுன் என்ற சேவை அதற்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் உதவுகின்றன. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை என்பதே இவற்றின் சிறப்பு. பயன்படுத்துபவரின் போனிலேயே படத்திலிருந்து கைரேகை போன்ற ஓர் எண்கோவை உருவாக்கப்படுகிறது. அந்த எண்கோவை மட்டும் சேர்ந்துள்ள நிறுவனங்களுக்குப் போகிறது. அதே படம் அங்கே ஏற்றப்பட்டால் அடையாளம் கண்டு தடுக்கிறார்கள். ஆண் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதும் உண்டு. பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒருவரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி குற்றம். தான் எடுத்த படம் இல்லை, வந்ததை அனுப்பினேன் என்பது தப்பிக்க வழியாகாது. சட்டத்தைச் சொல்லும்போதே, அந்தப் படத்தில் இருப்பவளுக்கு அன்றிரவு தூக்கம் இருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதலாவது கம்பியின் பழுத்த முனை, இரண்டாவது மற்றது.

பெரியவர்களின் பங்கு அறிவுரையில் தொடங்குவதில்லை. குழந்தை குளிக்கும் படத்தையும், அழுது அடம்பிடிக்கும் வீடியோவையும், மதிப்பெண் பட்டியலையும் ஃபேஸ்புக்கில் போட்டு வளர்த்த பெற்றோர், பதின்மூன்று வயதில் அதே பிள்ளையிடம் அந்தரங்கம் பற்றிப் பேசினால் அது எடுபடாது. அந்தப் பிள்ளையின் இணையப் பெயரில் பாதியை அவர்களே எழுதி முடித்துவிட்டார்கள். படம் போடுவதற்கு முன் ஐந்து வயதுக் குழந்தையிடம் 'இதைப் போடட்டுமா?' என்று கேட்பதும், 'வேண்டாம்' என்றால் போடாமல் இருப்பதும் பத்து வகுப்புகளில் கற்பிக்க முடியாததைக் கற்பித்துவிடும். பிள்ளையின் போனை ஒளிந்திருந்து சோதிப்பதும் எடுபடாது: துருவுதல் தவறு என்பதைத் துருவியே கற்றுக்கொடுக்க முடியாது. வயதுக்கேற்ற மேற்பார்வை தேவை. அது பிள்ளைக்குத் தெரிந்து நடக்க வேண்டும். ஆஸ்திரேலியா 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை 2025 டிசம்பர் 10 முதல் தடுத்துவிட்டது. தடை சில ஆண்டுகள் அவகாசம் வாங்கித் தரலாம். அந்த அவகாசத்தில் என்ன கற்றுத்தரப்படுகிறது என்பதைத் தடை தீர்மானிப்பதில்லை.

இவ்வளவும் செய்தாலும் பிள்ளைகள் தவறு செய்வார்கள். அப்போது எழுவது கடைசிக் கேள்வி: மறக்காத ஓர் உலகில் திருந்துவது எப்படி? இந்தியச் சட்டம் இதற்கு ஓர் இடத்தில் அருமையான பதில் வைத்திருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், சட்டத்தோடு முரண்பட்ட குழந்தைக்குப் புதுத் தொடக்கம் வேண்டும் என்பதைத் தன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாக வைக்கிறது. சில விலக்குகள் நீங்கலாக, அந்தக் குழந்தையின் பழைய பதிவுகள் அழிக்கப்பட வேண்டும். பெயரும் அடையாளமும் வெளியிடப்படக் கூடாது. பதினாறு வயதில் சைக்கிள் திருடியவனின் பதிவு இப்படி அழிந்துவிடும். பதினாறு வயதில் சாதியைச் சொல்லித் திட்டி ஒரு கமென்ட் எழுதியவனின் ஸ்கிரீன்ஷாட் அழிவதில்லை. ஹார்வர்டு 2019-ல் இன்னொரு மாணவரின் சேர்க்கையை ரத்து செய்தது. அவர் பதினாறு வயதில் நண்பர்களோடு பகிர்ந்த ஆவணத்திலும் குறுஞ்செய்திகளிலும் இனவெறிச் சொற்களை எழுதியிருந்தார். அவை வெளியானதும் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு எடுபடவில்லை. அந்தச் சொற்களால் காயப்பட்டவர்களின் பக்கம் நின்று பார்த்தால் பல்கலைக்கழகத்தின் முடிவைத் தள்ளிவிட முடியாது. பதினாறு வயதில் எழுதியதே ஒருவரின் கடைசிச் சொல் என்றால் கல்வி எதற்கு என்ற கேள்வியையும் தள்ளிவிட முடியாது. இதில் எளிதான தீர்ப்பு சொல்பவர்கள் ஏதாவது ஒரு பக்கத்தைப் பார்க்கவில்லை.

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதர்களின் மிஷ்னா இந்த இடத்தில் ஒரு விதி வைத்திருக்கிறது. மனம் திரும்பிய ஒருவரிடம் அவருடைய பழைய செயல்களை நினைவூட்டக் கூடாது. அந்த விதி இருக்கும் இடம் வியப்பூட்டுவது: வாங்குதல் விற்றலில் ஏமாற்றக் கூடாது என்று சொல்லும் பகுதியில், சொல்லாலும் ஏமாற்றக் கூடாது, வதைக்கக் கூடாது என்று சேர்த்து வைத்திருக்கிறார்கள். திருந்தியவனின் பழைய கணக்கை நீட்டுவது கள்ள நிறுவைக்குச் சமம். ஹன்னா ஆரெண்ட் 1958-ல் வெளியிட்ட 'மனித நிலை' என்ற நூலில் இதை மெய்யியலாக விரித்தார். செய்த செயலை மீட்டெடுக்க முடியாது. அதன் விளைவுகளை முன்கூட்டி அறியவும் முடியாது. முதல் இயலாமைக்கு மனிதர்களிடம் உள்ள ஒரே மருந்து மன்னிப்பு, இரண்டாவதற்கு வாக்குறுதி. இரண்டுமே தனியாக இருந்து செய்ய முடியாதவை, இன்னொருவர் வேண்டும். பெயர் பிறர் மனத்தில் இருக்கிறது என்பதால், அதைச் சரிசெய்யும் மருந்தும் பிறர் கையில்தான் இருக்கிறது.

சட்டங்கள் இந்த மருந்தைச் சிறிது சிறிதாக ஆக்கிப் பார்க்கின்றன. ஐரோப்பிய நீதிமன்றம் 2014-ல், காலாவதியாகிப் பொருத்தமிழந்த தகவல்களைத் தேடல் முடிவுகளிலிருந்து நீக்கும்படி தேடுபொறியைக் கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2018-ல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி, குழந்தையாக இருந்தபோது கொடுத்த தகவலை அழிக்கக் கேட்கும் உரிமைக்குத் தனி அழுத்தம் தருகிறது. கலிஃபோர்னியா 2015 முதல், சிறார்கள் தாங்களே போட்டதை நீக்கக் கேட்கலாம் என்கிறது. மற்றவர் எடுத்துப் போட்டதற்கு அந்த உரிமை இல்லை. இந்தியாவில் 2017-ல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக ஏற்றது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவை அழிக்கக் கேட்கும் உரிமையைத் தருகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில், விடுதலையான ஒருவர் இணையத்தில் கிடைக்கும் தீர்ப்பிலிருந்து தன் பெயரை மறைக்கக் கேட்டார். தனி நீதிபதி 2021-ல் மறுத்தார். 2024-ல் இரு நீதிபதிகள் அமர்வு ஏற்றது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நீதிமன்ற ஆவணங்கள் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதும் நியாயம், குற்றமற்றவர் பெயர் தேடலில் வந்து நிற்கக் கூடாது என்பதும் நியாயம். இரண்டும் மோதும் இடம் அது.

சட்டமும் நிறுவனமும் எட்ட முடியாத இடம் பிளஸ் டூ குழுவின் அந்த ஸ்டிக்கர். படமெடுத்தவன் ஒருநாள் காரணம் தெரிந்துகொண்டு வருந்தலாம். தனியாகப் போய் மன்னிப்புக் கேட்பது பாதி வழி. குழுவில் செய்ததற்குக் குழுவிலேயே கேட்க வேண்டும், சிரித்த அத்தனை பேரும் படிக்கும்படி. பிறகு தான் அனுப்பியதை அவன் எல்லோரிடமிருந்தும் அழிக்கப் பார்க்கலாம். பழைய செய்திக்கு அந்த வாய்ப்பை வாட்ஸ்அப் தருவதில்லை. தந்தாலும், பிடித்தவை என்று சேர்த்து வைத்தவர்களின் போனில் ஸ்டிக்கர் அப்படியே இருக்கும். குழுவில் நாற்பது பேர். ஒவ்வொருவரும் தம் போனைத் திறந்து, அந்த வாய் திறந்த முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, நீக்கு என்பதைத் தொட வேண்டும். ஒருவருக்கு நாலு நொடி ஆகும்.